பறந்தன, திரும்பி இறங்கத்தான் முடியவில்லை

கேள்வி: தட்டு வடிவம், முட்டை வடிவம், வாலை ஊன்றி நிற்கும் விமானம் என்று 1940, 50களில் செய்த ராணுவச் சோதனை விமானங்களின் படங்களைப் பார்த்தால், இதெல்லாம் பறக்காது என்று சாதாரண ஆளுக்கே தோன்றுகிறது. அவ்வளவு படித்த பொறியாளர்களுக்கு அது ஏன் தெரியாமல் போனது?

பதில்: அவற்றில் பெரும்பாலானவை பறந்தன. சில மிக நன்றாகவே பறந்தன. பறப்பதற்கு வேண்டிய கணக்கை அந்தப் பொறியாளர்கள் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். மேலே போன விமானமும் அதற்குள் உட்கார்ந்திருந்த ஆளும் பத்திரமாகத் திரும்பி வந்து இறங்க வேண்டிய கட்டத்தில்தான் கணக்கு பல முறை உதைத்தது. தரைக்குப் பக்கத்திலும், இன்னொரு விமானத்துக்குப் பக்கத்திலும் காற்று வேறு மாதிரி நடந்துகொள்ளும். மனிதனின் கண்ணும் கழுத்தும் ஓரளவுக்கு மேல் ஒத்துழைக்காது. இந்த இரண்டும் சேர்ந்து பல விமானங்களை நேராக மியூசியத்துக்கு அனுப்பிவிட்டன.

அந்த வடிவங்களை யாரும் வேடிக்கைக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ராணுவத்தின் நிஜமான ஒரு தேவை இருந்தது. நீங்கள் ‘முட்டை வடிவம்’ என்று சொல்வது மெக்டொனல் நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-85 கோப்ளின் என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்க விமானப்படையின் பி-36 குண்டுவீச்சு விமானம் கண்டம் விட்டுக் கண்டம் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பக்கூடியது. அன்றிருந்த எந்த ஜெட் போர் விமானத்துக்கும் அவ்வளவு தூரம் துணைக்குப் போக எரிபொருள் போதாது. அதனால் துணைக்குப் போகும் போர் விமானத்தையே குண்டு வைக்கும் அறைக்குள் மடக்கி வைத்து எடுத்துப் போவோம் என்று முடிவு செய்தார்கள். எதிரி வந்தால் இறக்கிவிடுவது, சண்டை முடிந்ததும் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வது. அந்த அறைக்குள் அடங்க வேண்டும் என்பதால் கோப்ளினின் நீளம் சுமார் 4.5 மீட்டர்தான். இறக்கை 6.4 மீட்டர், அதுவும் மேல்நோக்கி மடங்கும். சக்கரமே கிடையாது. அவசரத்துக்குத் தரையில் உரசி இறங்க வயிற்றுக்கு அடியில் ஓர் எஃகுச் சறுக்குச் சட்டம், தாய் விமானத்தில் தொங்கிக்கொள்ள மூக்கில் ஒரு கொக்கி. விமானியும் குள்ளமாக இருந்தால்தான் உள்ளே உட்கார முடியும்.

கொக்கியில் மாட்டுவது கற்பனை அல்ல. 1930களில் அமெரிக்கக் கடற்படையின் அக்ரன், மேகான் என்ற, வாயு நிரப்பி மிதக்கவிட்ட இரண்டு ராட்சத ஆகாயக் கப்பல்களும் ஸ்பாரோஹாக் என்ற சிறிய போர் விமானங்களை வயிற்றில் சுமந்தன. அந்த விமானங்கள் வெளியே போய்ச் சுற்றிவிட்டு, கீழே தொங்கும் ஊஞ்சல் சட்டத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். அது அன்றாட வேலையாகவே நடந்தது. சில சமயம் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்துப் பறந்தார்கள் என்றால், மாட்டுவதில் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும் என்று பாருங்கள். ஆகவே மெக்டொனல் பொறியாளர்கள் ஏற்கெனவே நிரூபணமான ஒரு வழியைத்தான் பின்பற்றினார்கள். ஆனால் ஆகாயக் கப்பலின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர். ஜெட் காலத்துக் குண்டுவீச்சு விமானத்தின் அடிவயிறு அதைவிடப் பல மடங்கு முரடான இடம்.

1948 ஆகஸ்ட் 23. கலிபோர்னியாவின் மியூராக் தளத்துக்கு மேலே, இந்தச் சோதனைக்காக மாற்றியமைத்த ஒரு பி-29 விமானத்திலிருந்து எட்வின் ஷோக் என்ற சோதனை விமானி கோப்ளினோடு பிரிந்தார். விமானம் சொன்னபடி கேட்டது, திருப்பினால் திரும்பியது. சிறிது நேரம் பறந்து பார்த்துவிட்டு ஊஞ்சல் சட்டத்தை நோக்கி வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. பெரிய விமானத்தின் வயிற்றுக்கும் சின்ன விமானத்தின் முதுகுக்கும் இடையே காற்று நெருக்கப்பட்டு, கோப்ளினை அங்கும் இங்கும் தள்ளியது. அவர் விலகுவார், மறுபடி வருவார், கடைசி அடியில் காற்று மறுபடி தள்ளிவிடும். இப்படிப் போராடிக்கொண்டிருந்தபோது கோப்ளின் அந்தச் சட்டத்தில் பலமாக மோதியது. காக்பிட் கண்ணாடி நொறுங்கி, ஷோக்கின் ஹெல்மெட்டும் ஆக்சிஜன் முகமூடியும் பிய்த்துக்கொண்டு போயின. அந்த நிலையிலும் அவர் பதறாமல் கீழே வந்து, வறண்ட ஏரிப் படுகையில் வயிறு உரசி இறக்கினார்.

அந்த அக்டோபரில் அவரே மாட்டியும் காட்டினார். ஆனால் மொத்தம் நடந்த 7 பறப்புகளில் 3 முறைதான் கொக்கி மாட்டியது; மற்ற 4 முறையும் பாலைவனத் தரைதான் அவருக்குக் கை கொடுத்தது. இத்தனைக்கும் அந்த விமானத்தை ஓட்டிய ஒரே ஆள் ஷோக்தான், அவர் தேர்ந்த சோதனை விமானி. சண்டை போட்டுக் களைத்து, எரிபொருள் தீரும் நேரத்தில் வருகிற ஒரு சாதாரணப் படை விமானி என்ன செய்வார்? சைபீரியாவுக்கு மேலே கொக்கி மாட்டவில்லை என்றால் அவர் எங்கே இறங்குவார்? இதற்குப் பதில் இல்லாததால் 1949 அக்டோபரில் திட்டத்தை நிறுத்தினார்கள். வானிலேயே எரிபொருள் நிரப்பும் முறை அதே காலத்தில் வளர்ந்துகொண்டிருந்தது, தூரப் பிரச்சினைக்கு அதுவே நல்ல தீர்வாகவும் அமைந்தது. கோப்ளினை அது எந்த விமானத்துக்காகப் பிறந்ததோ அந்த பி-36இலிருந்து ஒரு முறைகூடப் பறக்கவிடவில்லை.

சோவியத் நாட்டின் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் டிபி-3 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைகளுக்குக் கீழே ஐ-16 போர் விமானங்களைத் தொங்கவிட்டுக் கொண்டுபோய், 1941 ஆகஸ்டில் ருமேனியாவின் செர்னவோடா பாலத்தைத் தாக்கினார்கள். அது பலித்தது. ஏனென்றால் அந்தப் போர் விமானங்கள் தாய் விமானத்துக்குத் திரும்பி வரவில்லை. குண்டைப் போட்டுவிட்டுத் தாமாகவே தங்கள் தளத்துக்குப் பறந்து போய்விட்டன. கோப்ளினைக் கவிழ்த்த அந்தக் கடைசி இரண்டு மீட்டரை அவர்கள் கடக்க வேண்டியதே வரவில்லை.

அடுத்தது வாலில் நிற்கும் விமானங்கள். இரண்டாம் உலகப் போரில் சரக்குக் கப்பல் கூட்டங்களைப் பாதுகாக்கப் பட்ட பாடு அமெரிக்கக் கடற்படைக்கு நன்றாக நினைவிருந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு விமானந்தாங்கிக் கப்பலை அனுப்ப முடியாது. சாதாரணக் கப்பலின் தளத்திலிருந்தே செங்குத்தாக எழும்பும் போர் விமானம் இருந்தால் அந்தக் கவலை தீரும். 1951இல் கான்வேர், லாக்ஹீட் என்ற இரண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் கொடுத்தார்கள். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி, வால் துடுப்புகளின் நுனியிலுள்ள சிறு சக்கரங்களில் நிற்கும் விமானம். மூக்கில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர், அதைச் சுழற்ற ஐயாயிரம் குதிரைத்திறனைத் தாண்டிய அலிசன் டி-40 எஞ்சின்.

லாக்ஹீடின் எக்ஸ்எஃப்வி தரையிலிருந்து செங்குத்தாக ஒரு முறைகூட எழும்பவில்லை. தற்காலிகச் சக்கரக் கால்களைப் பொருத்தி, வழக்கமான விமானம்போல ஓடுபாதையில் ஓடித்தான் ஏறியது. மேலே போனபின் மூக்கை நிமிர்த்தி அந்தரத்தில் நின்று காட்டியதோடு சரி.

கான்வேர் செய்த எக்ஸ்எஃப்ஒய்-1, அதாவது போகோ, அப்படி அல்ல. இதற்காகவே அந்த விமானத்தின் மீதும் அதை ஓட்டிய ஜேம்ஸ் ‘ஸ்கீட்ஸ்’ கோல்மன் மீதும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1954இல் மோஃபெட் ஃபீல்டில் ஆகாயக் கப்பல் நிறுத்தும் ராட்சதக் கொட்டகைக்குள் மேலிருந்து கேபிளில் தொங்கவிட்டு அவர் பழகினார். மூடிய கொட்டகைக்குள் புரொப்பெல்லர் தள்ளிய காற்று சுவரில் மோதித் திரும்பி வந்து விமானத்தையே உலுக்கியது. ஆகஸ்டில் வெளியே கொண்டுவந்து, கட்டில்லாமல் செங்குத்தாக ஏற்றி இறக்கினார். நவம்பரில் சான் டியேகோ பக்கத்தில் நின்ற இடத்திலிருந்து எழும்பி, மூக்கைச் சாய்த்துச் சாதாரண விமானம்போலப் பறந்து, மறுபடி மூக்கை நிமிர்த்தி வாலில் இறங்கினார். ஏறுவது, மாறுவது, பறப்பது, திரும்ப மாறுவது, இறங்குவது என்று முழுச் சுற்றும் முடிந்தது. அமெரிக்க விமானத் துறையின் பெரிய கௌரவங்களில் ஒன்றான ஹார்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது.

பிறகு ஏன் தோற்றது? இறங்கும்போது அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று யோசியுங்கள். விமானம் செங்குத்தாக நிற்கிறது, விமானியின் முகம் வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடக்கிறது. இருக்கையை 45 டிகிரி முன்னால் சாய்த்துக் கொடுத்திருந்தார்கள், ஆனாலும் தரை அவருடைய முதுகுக்குப் பின்னால்தான். ஏணியில் பின்பக்கமாக இறங்குகிறவன் அடுத்த படியைக் காலால் துழாவுவதுபோலத் தரையைத் துழாவ வேண்டும். வித்தியாசம், இவருக்குக் கீழே தொங்குவது சுமார் 7 டன் எடை. தோளுக்கு மேலே தலையைத் திருப்பிக் கீழே பார்த்துக்கொண்டே, வலது கையில் கட்டுப்பாட்டுக் கம்பியையும் இடது கையில் எஞ்சின் விசையையும் நுணுக்கமாக நகர்த்த வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்கும் மூன்று மீட்டர் உயரத்துக்கும் வித்தியாசம் அந்தக் கோணத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. எவ்வளவு வேகமாக இறங்குகிறோம் என்பது அதைவிடத் தெரியாது. இதோடு இன்னொரு குறை: பறக்கும்போது வேகத்தைக் குறைக்க உதவும் காற்றுத் தடுப்பு எதுவும் விமானத்தில் இல்லை. நிமிர்த்துவதற்கு முன் வேகத்தைக் குறைப்பதே பெரும்பாடு.

கோல்மன் வெயிலடிக்கும் கலிபோர்னியாவில், அசையாத சிமென்ட் தளத்தில் இறக்கினார். அட்லாண்டிக் குளிர்காலத்தில் உருண்டு புரளும் சரக்குக் கப்பலின் தளத்தில், இருட்டில், இருபத்தைந்து வயது விமானி இறக்க வேண்டும் என்பதுதான் கடற்படையின் தேவை. லாக்ஹீடின் தலைமை வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சனும் இதே காரணத்தைத்தான் சொன்னார்: தோளுக்கு மேலே பார்த்து இறங்கிப் பழகினோம், எவ்வளவு வேகத்தில் இறங்குகிறோம், எப்போது தரையைத் தொடுவோம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை என்று. டி-40 எஞ்சினும் அதன் கியர்பெட்டியும் நம்பத்தக்கவையாக இல்லை என்பது தனி. அதற்குள் ஜெட் போர் விமானங்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டத் தொடங்கிவிட்டன. 1950களின் நடுவில் இரண்டு திட்டங்களும் படுத்துவிட்டன.

பிரான்சில் இதே முயற்சி இன்னும் துணிச்சலாக நடந்தது. ஸ்னெக்மா நிறுவனத்தின் சி-450 கோலியோப்டேர் உடலைச் சுற்றி வளையமாக இறக்கை கொண்டது, உள்ளே ஜெட் எஞ்சின். ஓகுஸ்த் மொரெல் அதைச் செங்குத்தாக எழுப்பி, மிதக்கவிட்டு, பத்திரமாக இறக்கினார். 1959 ஜூலை 25 அன்று கிடைமட்டத்துக்குச் சாய்க்க முயன்றபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. சாய்வும் இறங்கும் வேகமும் எவ்வளவு என்று சொல்லும் கருவிகள் அவருக்கு முன்னால் போதுமான அளவு இல்லை. தாழ்ந்த உயரத்தில் வெளியேறினார், பலத்த காயம், ஆனால் பிழைத்துக்கொண்டார். இருந்த ஒரே விமானமும் அழிந்தது.

இந்தக் கண் பிரச்சினையைப் புரிந்துகொண்டு அதற்காகவே வழி செய்தது அமெரிக்காவின் ரயன் எக்ஸ்-13. தரையில் நிற்பதற்குப் பதில், நிமிர்த்தி வைத்த ஒரு டிரெய்லரின் கேபிளில் மூக்குக் கொக்கியால் தொங்கும். கேபிளுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று விமானி பார்த்துக்கொள்ள, அளவுக் கோடுகள் போட்ட ஒரு கம்பத்தை டிரெய்லரிலிருந்து நீட்டி வைத்தார்கள். 1957 ஏப்ரலில் பீட்டர் ஜிரார்ட் முழுச் சுற்றையும் முடித்தார், ஜூலையில் பென்டகனிலேயே செய்து காட்டினார்கள். பொறியியலாகப் பார்த்தால் அது வெற்றிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு டிரெய்லரையும் ஒரு கம்பத்தையும் தேடி வர வேண்டிய, ஆயுதம் சுமக்க இடமில்லாத விமானத்தை வைத்து விமானப்படை என்ன செய்யும்?

நீங்கள் கேட்ட தட்டு, கனடாவின் அவ்ரோகார். டொராண்டோ அருகே மால்டனில் ஜான் ஃப்ராஸ்ட் வடிவமைத்தது, பணம் அமெரிக்க ராணுவத்துடையது. குறுக்களவு 5.5 மீட்டர். மூன்று ஜெட் எஞ்சின்கள் நடுவிலுள்ள ஒரு பெரிய விசிறியைச் சுழற்றும், அந்தக் காற்று தட்டின் விளிம்பு முழுவதும் கீழ்நோக்கி வெளியேறும். மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகமும் 3,000 மீட்டர் உயரமும் எதிர்பார்த்தார்கள். கிடைத்தது சுமார் 56 கிலோமீட்டர் வேகமும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமும். காரணம் தரைதான். தரையோடு ஒட்டி இருக்கும்வரை அடியில் சிக்கிய காற்று மெத்தைபோலத் தாங்கியது. அதைத் தாண்டி எழும்பினால் மெத்தை நாலா பக்கமும் கசிந்து, தட்டு ஒரு பக்கம் சாயும், உடனே மறுபக்கம் சாயும், நிற்காமல் ஆடும். விமானி விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைய கணினி இருந்தால் நொடிக்குப் பல முறை அந்தத் திருத்தத்தைச் செய்திருக்கும், 1959இல் அதற்கு வழியில்லை. போதாக்குறைக்கு எஞ்சின் சூட்டில் காக்பிட் வெந்தது. 1961 டிசம்பரில் நிறுத்தினார்கள்.

எல்லாமே இறங்கத் தெரியாமல்தான் தோற்றன என்று நான் சொல்லவில்லை. ரிபப்ளிக் எக்ஸ்எஃப்-84ஹெச்சைக் கெடுத்தது சத்தம். போகோவில் இருந்த அதே டி-40 வகை எஞ்சின், புரொப்பெல்லர் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிச் சுழலும். எஞ்சினை ஓட்டினாலே பக்கத்தில் நின்ற தரைப் பணியாளர்களுக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் வந்தன. ஒருமுறை ஓட்டிய லின் ஹென்ட்ரிக்ஸ் என்ற விமானி மறுபடி அதில் ஏறவே மறுத்துவிட்டார். மொத்தம் 12 பறப்புகள், அதில் பெரும்பாலானவை அவசர இறக்கத்தில் முடிந்தன.

வாட் நிறுவனத்தின் வட்ட விமானம் வி-173 இதற்கு நேர் எதிர். சார்ல்ஸ் ஜிம்மர்மன் வடிவமைத்தது. இறக்கை நுனியில் உண்டாகும் காற்றுச் சுழலை எதிர்த்துச் சுழலும்படி இரண்டு பெரிய புரொப்பெல்லர்களை நுனிகளிலேயே வைத்தார். 1942 நவம்பரில் பறந்த இது மிகக் குறைந்த வேகத்தில் அழகாக இறங்கும். ஒருமுறை அவசரமாகக் கடற்கரையில் இறங்கியபோது எதிரே குளிக்க வந்தவர்கள் இருக்க, விமானி பிரேக்கை அழுத்தினார். விமானம் குப்புறக் கவிழ்ந்தது. ஆளுக்கும் பெரிய அடியில்லை, விமானத்துக்கும் பெரிய சேதமில்லை. அதன் போர் வடிவமான எக்ஸ்எஃப்5யு தயாரானபோது ஜெட் காலம் வந்துவிட்டது. 1947இல் பறக்கவே விடாமல் ரத்து செய்து உடைத்தார்கள். இவ்வளவு விமானங்களிலும் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான். இறங்கத் தெரிந்த ஒன்றை இறங்கவிடவில்லை.

செங்குத்தாக இறங்கும் ஆசையை நிறைவேற்றியது பிரிட்டனின் பி-1127, பின்னால் ஹாரியர் ஆனது. விமானத்தை நிமிர்த்துவதை விட்டுவிட்டு, எஞ்சின் காற்று வெளியேறும் நான்கு குழல்களை மட்டும் கீழ்நோக்கித் திருப்பினார்கள். விமானி எப்போதும்போல நேராக உட்கார்ந்து, முன்னால் தெரியும் தொடுவானத்தைப் பார்த்தே இறங்கலாம். 1960 அக்டோபரில் பில் பெட்ஃபர்ட் முதன்முதலாக அதை மிதக்கவிட்டபோது, கார் விபத்தில் அடிபட்ட காலில் மாவுக்கட்டு போட்டிருந்தார். நம் கடற்படையும் ஐஎன்எஸ் விராட் கப்பலில் 2016 வரை சீ ஹாரியர்களை வைத்திருந்தது. அந்தக் கப்பலின் தளத்தில் அவை நின்று நிதானமாக இறங்கும் வீடியோக்களைப் பாருங்கள், கோல்மன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு செய்த வேலை எது என்று புரியும்.

இன்று இந்த யோசனைகள் ஆளில்லா விமானங்களில் திரும்ப வருகின்றன. வாலில் நின்று எழும்பி, வாலிலேயே இறங்கும் சிறிய டிரோன்கள் நில அளவை வேலைகளில் இருக்கின்றன. அவற்றில் திரும்பிப் பார்க்க வேண்டிய தலை இல்லை, உயரத்தை உணர்கருவி பார்த்துக்கொள்கிறது. கோப்ளினின் வேலையை அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா கிரெம்லின்ஸ் என்ற திட்டத்தில் மறுபடி எடுத்தது. சி-130 விமானத்திலிருந்து எக்ஸ்-61 என்ற ஆளில்லா விமானத்தை வானிலேயே திரும்பப் பிடிப்பது நோக்கம். இந்த முறை தாய் விமானத்தின் வயிற்றுக்கு அருகே அதை வரச் சொல்லவில்லை. நீண்ட கேபிளின் நுனியில் பிடிக்கும் கருவியை வைத்து, கொந்தளிப்பு இல்லாத காற்று வரை பின்னால் விட்டார்கள். அப்படியும் 2020 அக்டோபரில் செய்த 9 முயற்சிகளும் சில அங்குல இடைவெளியில் தவறின. 2021 அக்டோபரில் ஒன்றைப் பிடித்தார்கள், அதே சோதனைகளில் இன்னொன்றை இழந்தார்கள்.